ஆறாம் லைனுக்கு நடந்து வந்த பொருள்கள்

முதலில் நடந்து வந்தது குணசீலியின் வாஷிங்மெஷின். நடந்து வந்தது என்றால் வெகுதூரம் ஒன்றும் இல்லை, மில் குடியிருப்பின் ஆறாம் லைனில் எதிர்வரிசை நாலாவது வீட்டிலிருந்து கிளம்பி, முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, அடிபம்பைச் சுற்றிக்கொண்டு, காலை பதினோரு மணி வெயிலில், நனைந்த துணிகளை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, பின்னால் தண்ணீர்க் குழாயையும் ஒயரையும் இழுத்துக்கொண்டு, மாசமான பெண் நடப்பதுபோல இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து வந்து தவசிலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்றது. குணசீலி சோப்பு நுரைக் கையோடு பின்னாலேயே வந்தாள்.

"மதினி, இது பாட்டுக்கு வருது" என்றாள்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த தவசிலிங்கத்தின் மனைவி சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "வந்தா வரட்டும். வெயில்ல நிக்காம வாதாம் மரத்தடிக்குத் தள்ளி நிக்கச் சொல்லு" என்றாள். மெஷின் தள்ளி நின்றது.

அன்று காலை எட்டு மணிக்குத்தான் பேங்க்குக்காகக் கடன் வசூலிக்கிற நிர்மல்ராஜ் மதுரையிலிருந்து பைக்கில் வந்து, முற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, தவசிலிங்கம் என்கிற ஆள் கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் பாக்கி வைத்திருக்கிறார் என்றும், போன் செய்தால் எடுப்பதில்லை என்றும், முப்பதாம் தேதிக்குள் பணம் வரவில்லையென்றால் மில் வாசலில் வந்து நின்று இதே சத்தத்தைப் போடப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தவசிலிங்கம் அந்த நேரத்தில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். கேட்டது பக்கத்து வீடுகளும், அந்த வீடுகளுக்குள் இருந்த பொருள்களும்தான். மனிதர்கள் கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள், பொருள்கள் அப்படி இருக்கவில்லை.

தவசிலிங்கம் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யாரிடமும் ஒன்றைக் கேட்பதற்கு அவருக்கு வாய் வராது, யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லவும் வாய் வராது. மூன்று வருடத்துக்கு முன் மில் வாசலில் குடைக்குக் கீழே ஒரு பெண் கிரெடிட் கார்டு விற்றுக்கொண்டு நின்றாள். மத்தியானம் வரைக்கும் அவளிடம் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை, பாவம் வெயிலில் நிற்கிறாளே என்று இவர் போட்டார். பதினைந்து நாளில் கார்டு தபாலில் வந்தது, இவர் பெயரைப் புடைப்பாக அச்சடித்து, தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரிகிற மாதிரி.

ஆறாம் லைனுக்கென்று பொதுவாகச் சில சாமான்கள் உண்டு. ஓர் ஏணி, பிரியாணி ஆக்குகிற அண்டா ஒன்று, மழைக்குப் போர்த்துகிற தார்ப்பாய். யார் வீட்டில் கிடந்தாலும் தேவைப்பட்டவர் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், கேட்டு இல்லை என்று சொன்னால் அது பெரிய பேச்சாகிவிடும். கார்டும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் கடைகளில் தவணைச் சலுகை போட்டார்கள், கார்டு இருந்தால் முன்பணம் வேண்டாம் என்றார்கள். "அண்ணாச்சி, கார்டைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்களேன், மாசாமாசம் உங்க கையில குடுத்துர்றேன்" என்று குணசீலி வந்தாள், கையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. கனிராஜ் மகள் கல்யாணத்துக்குக் கட்டிலும் மெத்தையும் வேண்டும் என்று வந்தான். ஃபிரிட்ஜுக்கு ஒருவர், டிவிக்கு ஒருவர், மிக்ஸிக்கு ஒருவர். ரோட்டுக்கு எதிர்ச் சாரியில் குடியிருக்கிற மில் சூப்பர்வைசர் ராமசுப்புகூட, ஆள் விட்டு இவரைக் கூப்பிட்டனுப்பி, ஏசிக்குத் தேய்த்துக்கொண்டார். தவசிலிங்கம் ஒவ்வொரு தடவையும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனார், தேய்த்தார், அவர்கள் வாங்கிக் கொடுத்த ரோஸ்மில்க்கைக் குடித்துவிட்டு வந்தார்.

நாலைந்து மாதம் சூப்பர்வைசரைத் தவிர எல்லோரும் கொடுத்தார்கள். பிறகு ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பள்ளிக்கூட ஃபீஸ், ஒருவருக்கு மறதி. இவரும் கேட்கவில்லை. பில்லில் இந்த மாதம் குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும் என்று ஒரு சின்னத் தொகை போட்டிருந்தது. போதும் என்று பேங்க்காரனே சொல்லும்போது அதற்கு மேல் நமக்கென்ன என்று அதைச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருடம் கட்டியும் கடன் குறையாமல் வளர்ந்துகொண்டே போனது ஏன் என்று அவருக்குப் புரிந்தபோது, சின்னத் தொகையே பெரிய தொகையாகியிருந்தது. அதையும் கட்ட முடியாமல் நின்றதும் பேங்க்கிலிருந்து போன் வர ஆரம்பித்தது. போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவைத்தார். சீனியம்மாளிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அவள் கையில் கிடந்த இரண்டு வளையல்கள்தான். தீப்பெட்டி ஆபீஸில் பதினொரு வருடம் குச்சி அடுக்கி அவள் சேர்த்து வாங்கியவை. அதை எப்படிக் கேட்பது என்று யோசித்தே அந்த மாதம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து தூக்குவாளியோடு லைனுக்குள் நுழைந்தவர், வாதாம் மரத்தடியில் வாஷிங்மெஷினும் பக்கத்தில் ஃபிரிட்ஜும் மிக்ஸியும் டிவியும் சம்பளத்துக்கு நிற்கிற வரிசை மாதிரி நிற்பதைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் எந்தக் கடையில் என்றைக்குத் தேய்த்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுப் படியில் காலை வைத்தார். வைத்த கால் திரும்பிக்கொண்டது. இன்னொரு காலை வைத்தார், அதுவும் திரும்பிக்கொண்டு, இரண்டுமாகச் சேர்ந்து அவரை நடத்திக்கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்தின.

"என்ன, உள்ள வரலியா?" என்றாள் சீனியம்மாள்.

"வர முடியல" என்றார்.

லைனில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், ஒருவர் பின்னாலிருந்து தள்ளினார். கடைசியில் கனிராஜ்தான் சொன்னான், "கார்டுல போட்டுருக்கது அவர் பேருதான? அவரும் பாக்கியில இருக்காரு." அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அப்போதுதான் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சீனியம்மாள் கத்தவில்லை. பொருள்களை வரிசையாக ஒரு தடவை பார்த்தாள்.

"இதுல நமக்குன்னு வாங்குனது எது?"

"ஒண்ணுமில்ல."

"ஊருக்கெல்லாம் தேய்ச்சீகளே, எனக்குன்னு ஒரு சீப்பு வாங்கணும்னு தோணலியா?" என்றாள். அவள் கண் கலங்கியது அந்த இடத்தில்தான், ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துக்கு இல்லை. பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டு எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் வளையல்களைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "இதைத்தான மனசுல வச்சுக்கிட்டு ஒரு மாசமா என் கையவே பாத்தீக. கொண்டுபோய் வைங்க" என்றாள்.

மறுநாள் அவர் அடகுக்கடைக்குப் போனார். கடைக்காரர் தராசுத்தட்டில் வைத்ததும் இரண்டு வளையல்களும் எழுந்து நின்று, தட்டிலிருந்து குதித்து, மேசையிலிருந்து குதித்து, கடைத்தெருவோடு உருண்டு, மாட்டுவண்டிக்கு ஒதுங்கி, பஸ்ஸுக்கு ஒதுங்கி, ஆறாம் லைன் வந்து, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சீனியம்மாளின் கையில் ஏறிக்கொண்டன. ரொக்கம் கொடுத்து வாங்கின பொருள் போகவேண்டிய இடம் அதுதான் என்று அடகுக்கடைக்காரரே சொன்னார், தொழிலில் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறாராம்.

மூன்றாம் நாள் கட்டில் வந்தது. சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்ட கனிராஜின் மகளுக்குச் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில், மெத்தையும் பூப்போட்ட விரிப்புமாக, ரோட்டின் இடது ஓரமாகவே நடந்து, வழியில் இரண்டு இடத்தில் நிழலுக்கு நின்று, மத்தியானம் மூன்று மணிக்கு லைனுக்குள் வந்தது. அதன்மேல் கனிராஜின் மருமகன் தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்தவர், அத்தனை தூரத்திலும் புரண்டுகூடப் படுக்கவில்லை. எழுந்து கண்ணைக் கசக்கியதும் எதிரே மாமனாரைப் பார்த்து, "மாமா, எப்ப வந்தீங்க?" என்றார். கனிராஜுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சம்பந்தி வீட்டில் ரொக்கத்துக்கு வாங்கினதாகச் சொல்லியிருந்தான்.

ஐந்தாம் நாள் ஏசி, சூப்பர்வைசர் வீட்டுச் சுவரிலிருந்து ஆணியோடு கழன்று, ஜன்னல் வழியாக இறங்கி, வெளியே மாட்டுகிற பெட்டியைத் தனக்குப் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி கூட்டிக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் நான்கு ஆள்களை அனுப்பித் தூக்கிக்கொண்டு போனார், அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அது அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

எதையும் பத்து நாள் பார்த்தால் பழகிவிடும், ஆறாம் லைனுக்கு அத்தனை நாள்கூடத் தேவைப்படவில்லை. நாலு வீட்டிலிருந்து ஒயர் இழுத்தார்கள். ஃபிரிட்ஜில் பன்னிரண்டு வீட்டு மாவும் பாலும் ஏறின, யாருடைய மாவு எது என்று தெரிய மூடியில் ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டினார்கள். சாயங்காலம் டிவிக்கு முன்னால் பாய் விரித்தார்கள். ஏசி தானாகவே ஓடியது, அந்தக் குளிரில் வாதாம் மரத்தின் தாழ்ந்த கிளை மட்டும் அகாலத்தில் துளிர்த்தது. மத்தியானத்தில் சூப்பர்வைசரின் சம்சாரம் குடை பிடித்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் ஏசிக்கு எதிரே ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஐந்தாம் லைன்காரர்கள் துணியைக் கொண்டுவந்தார்கள், குணசீலி ஒரு ஈட்டுத் துணிக்கு முப்பது ரூபாய் வாங்கி, மெஷினுக்கு மேலே இருந்த காப்பித்தூள் டப்பாவில் போட்டாள். இடுப்புவலிக்காரர்கள் முறைவைத்துக் கட்டிலில் படுத்தார்கள். பீட் கான்ஸ்டபிள் ஒருநாள் வந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் உண்டா என்று விசாரித்து, இல்லை என்றதும் ஜில்லென்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நடுவில் நாற்காலியில் தவசிலிங்கம். வேலைக்குப் போவார், வருவார், படியில் கால் வைத்துப் பார்ப்பார், கால் திரும்பும், உட்கார்ந்துகொள்வார். மழை வந்த அன்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தார்ப்பாய் போர்த்தினார்கள். பத்தடி தூரத்தில் தன் வீட்டுக்குள் சீனியம்மாள் தாளிக்கிற வாசனை வரும்போது அவருக்கு அழுகை வரும். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பாள், கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை.

பதினாறாம் தேதி நிர்மல்ராஜ் மறுபடி வந்தான். வண்டியை விட்டு இறங்கும்போதே, "யோவ், வட்டியும் முதலுமா எங்கய்யா என் பணம்?" என்று ஆரம்பித்தான்.

"தம்பி, வெயில்ல வந்துருக்கீக, இந்தாங்க" என்று சீனியம்மாள் தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொன்னார்கள். கட்டிலில் உட்கார்ந்தான். பக்கத்தில் படுத்திருந்த ஓர் இடுப்புவலிக்காரர் காலை மடக்கி இடம் விட்டார். என்ன இதெல்லாம் என்று கேட்டான், சொன்னார்கள். "யாருகிட்டய்யா கதை விடுறீங்க?" என்று அவன் எழுந்திருக்கவும், அவனுடைய பைக் ஸ்டாண்டைத் தானே மடக்கிக்கொண்டு, ஆள் இல்லாமல் திரும்பி, லைனை விட்டு வெளியே போய் மதுரை ரோட்டில் ஏறியது.

நிர்மல்ராஜ் தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"எத்தனை தவணை பாக்கி தம்பி?" என்றாள் குணசீலி.

"மூணு" என்றான்.

"அப்ப ஷோரூமுக்குத்தான் போகும். விடுங்க, பதறாதீக" என்றாள். அன்று அவன் பஸ்ஸில் போனான். பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாமல், காப்பித்தூள் டப்பாவிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த தடவை அவன் வந்தது பஸ்ஸில்தான், குரலும் இறங்கியிருந்தது. தவசிலிங்கத்துக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அய்யா, நான் சொல்றத எங்க ஆபீஸ்ல சொல்லிராதீங்க" என்று ஆரம்பித்து, இங்கே நிற்கிற பொருள்களின் விலையில் பாக்கியைக் கூட்டினால் தொண்ணூற்றிரண்டாயிரம்தான் வருகிறது என்றும், மற்றதெல்லாம் வட்டியும் அபராதமும் என்றும், நின்றுபோன கடனுக்குப் பேங்க்காரர்கள் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பது உண்டு என்றும் சொன்னான். "ஆனா என் கையில ஒரு ரூபா குடுக்காதீங்க. மொதல்ல பேங்க்லருந்து லெட்டர் வாங்குங்க, அப்பறம் நேரா கணக்குல கட்டுங்க. மில் வாசல்ல வந்து சத்தம் போடவும் எனக்கு உரிமை கிடையாது, அது சும்மா மிரட்டுறதுக்குச் சொன்னது." அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறோமே என்று தவசிலிங்கத்துக்கு ஆத்திரமாகவும் வந்தது, நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி இறங்கியும் விட்டது.

அவனே கடிதம் எழுதினான், இவர் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரியிடம் போனில் பேசும்போது, "சார், முதலுக்கெல்லாம் பொருள் நேர்ல வந்து நிக்குது, வட்டிக்குன்னு ஒண்ணும் வரல" என்று சொன்னான். நாலாம் நாள் லெட்டர் வந்தது. முப்பதாம் தேதிக்குள் தொண்ணூற்றிரண்டாயிரம் கட்டினால் கணக்கு முடிந்தது என்று எழுதியிருந்தது.

லெட்டரைக் கனிராஜ் முற்றத்தில் உரக்கப் படித்தான். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. மிக்ஸிக்காரர் பாக்கியைக் கொண்டுவந்து தவசிலிங்கம் கையில் வைத்தார், வைத்த நொடியில் மிக்ஸி கிளம்பி வீட்டுக்குள் போனது. டிவி போனது. பன்னிரண்டு வீட்டு மாவையும் எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் போனது. குணசீலியின் டப்பாவை எண்ணினால் பாக்கிக்கு மேல் இருநூறு ரூபாய் அதிகமாகவே இருந்தது, மெஷினும் போனது. கட்டிலுக்குப் பாதியைக் கனிராஜ் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தான், பாதியை மருமகனே கொடுத்தார். "இதுல தூங்குன மாதிரி நான் எங்கயும் தூங்குனதில்ல மாமா, கேட்டா நானே குடுத்துருப்பேன்" என்றார். வெற்றுக் கட்டிலாகத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று பெண்கள் அதன்மேல் பழமும் பூவும் வைத்தார்கள். கட்டில் சங்கரன்கோவில் ரோட்டில் ஏறியது, மருமகன் மேலே சாய்ந்துகொண்டு கையாட்டினார்.

இருபத்தொன்பதாம் தேதி மிச்சம் இருந்தது ஏசியும் தவசிலிங்கமும். ஏசிக்கு முப்பத்தெட்டாயிரம்.

சூப்பர்வைசர் வரவில்லை. ஆள் அனுப்பினார், மூன்று தவணையாக எப்போதோ கையில் கொடுத்தாயிற்று என்று. அவர் அந்த மாதிரி ஒன்றும் கொடுக்கவில்லை. தவசிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சீனியம்மாள் படியிலிருந்து எழுந்து வந்து அவருக்கு எதிரில் நின்றாள்.

"எல்லாத்தையும் அதுகளே நடந்து வந்து கேட்டுச்சு. இது ஒண்ணையாவது நீங்க வாயத் தொறந்து கேளுங்க" என்றாள். "இருபத்தஞ்சு நாளா நான் தனியாச் சாப்பிடுறேன்."

அவர் எழுந்தார். எதிர்ச் சாரிக்குப் போனார். லைன் முழுக்கப் பின்னால் போய்க் கேட்டுக்கு வெளியே நின்றது. சூப்பர்வைசர் ராமசுப்பு துண்டால் விசிறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன தவசி, கூட்டமாக் கூட்டிட்டு வந்துருக்க? அதான் குடுத்துட்டேன்னு சொல்லியனுப்புனேனே."

தவசிலிங்கம் ஒரு படி ஏறி நின்றார். "நீங்க குடுத்திருந்தா அது உங்க சுவத்துலதான் இருந்திருக்கும் சார்" என்றார். அதைச் சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. "என் காசக் குடுங்க சார். நான் வீட்டுக்குப் போகணும்."

பதினெட்டு வருட வேலையில் அவர் சூப்பர்வைசரிடம் எதுவும் கேட்டது அதுதான் முதல் தடவை. ராமசுப்பு பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் சம்சாரம், குடையைக் கையில் பிடித்தபடி, "குடுத்துத் தொலைங்க, தெருவுல போய்க் காத்து வாங்கி எனக்கு மானம் போகுது" என்றார். ராமசுப்பு கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, அங்கேயே நின்று பணத்தை அனுப்பினார். ஏசி வெளிப்பெட்டியைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வழி கேட்டு நடந்து வந்து, ஜன்னலேறி, தன் ஆணியில் மாட்டிக்கொண்டது.

முப்பதாம் தேதி காலை தவசிலிங்கம் பணத்தைக் கணக்கில் கட்டினார். நிர்மல்ராஜ் கூடவே இருந்தான். "இன்னொண்ணும் சொல்லணும் அய்யா. முழுசாக் கட்டாம இத முடிச்சதா உங்க பேர்ல குறிச்சு வச்சுருவாங்க. இனி பல வருசத்துக்கு எந்த பேங்க்காரனும் உங்களுக்குக் கார்டு தர மாட்டான்" என்று வருத்தத்தோடு சொன்னான்.

"நெசமாவா?" என்றார் தவசிலிங்கம். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவனுக்குக் குழப்பமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவனை வழியனுப்பப் போனார். கமிஷன் வந்தால் முதல் வேலையாகத் தன் தவணையைக் கட்டப்போவதாகச் சொல்லி ஏறிக்கொண்டான்.

மத்தியானம் லைனுக்குத் திரும்பினார். வாதாம் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கிடந்தது. பழக்க தோஷத்தில் அதில் உட்கார்ந்தார். எதிரே கதவு திறந்திருந்தது, உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. அரிசி டிரம்மிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. கணக்கு முடிந்தது, பாக்கி ஏதுமில்லை என்று எழுதியிருந்தது. அவர் அதை இரண்டாவது தடவை படிப்பதற்குள் கால்கள் எழுந்துகொண்டன. நாற்காலியை விட்டுக் கிளப்பி, பத்தடியையும் நடத்தி, முதல் படி, இரண்டாம் படி என்று ஏற்றி, நிலையைத் தாண்டி அவரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தின. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு விசித்து அழுதார், சிரிக்கவும் செய்தார்.

அடுப்படியில் வளையல் சத்தம் நின்றது. சீனியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "செருப்போட வந்து நிக்கீக பாருங்க" என்றாள். "கழட்டிப்போட்டுட்டு வாங்க, இலை போட்டுருக்கேன்."